மூவெல்லைக் கல்

வட்டம் மேலூர். கிராமம் செம்பூத்தேந்தல்.
பரப்பு நானூற்றுப் பன்னிரண்டு ஹெக்டேர் சொச்சம்.
வடக்கே அழகர்மலை, வானம் தெளிந்த நாளில் மட்டும்.
தெற்கே தார்ச்சாலை; அதில் காலை ஏழு பத்துக்கு
ஒரு டவுன் பஸ்,
வந்தால்.

கண்மாய் ஒன்று. வரைபடத்தில்
கடித்து வைத்த பணியாரம் போலிருக்கிறது.
மடை மூன்று, கலுங்கு ஒன்று.
பெரியாற்றுத் தண்ணீருக்கு இது கடைமடை.
அணை திறந்த சேதி பேப்பரில் வந்து
இருபத்தாறு நாள் கழித்துத் தண்ணீர் வரும்,
மேலே உள்ள ஊரெல்லாம் வாய் கொப்பளித்த பிறகு.

வரலாறு என்று
என் கையில் இருப்பது மூன்று தாள்.
முதல் தாள், தாது வருஷப் பஞ்சத்துக்கு அடுத்து எழுதியது:
வீடு நாற்பத்தொன்று, பூட்டிய வீடு இருபத்தெட்டு.
சாவி யாரிடம் என்பதற்கு அதில் பத்தி இல்லை.
இரண்டாவது தாளில் ஒரு குமாஸ்தா
செம்புத்தேந்தல் என்று எழுதிவிட்டான்.
ஒரு சுழி குறைந்ததில்
பறவை பறந்து போய்ச் செம்பு வந்தது.
எண்பது வருஷமாய்ச் செம்பு தேடி எவனும் வரவில்லை,
அதுவரை நல்லது.
மூன்றாவது தாளில் மலை:
புல எண் நூற்று நாற்பத்தேழு,
தீர்வை ஏற்படாத தரிசு, பாறை.
உச்சியில், மூன்று ஊர் எல்லையும் வந்து முட்டும் இடத்தில்,
முக்கோணம் செதுக்கிய கல்.
அதைத்தான் அளக்க வந்தேன்.

பிரான்மலை முன்னால் நடந்தார்.
தலையாரியின் பெயர் அது.
மலையின் பெயர் வைத்த மனிதர்
மலை இருந்த இடத்தைக் காட்டினார்.
பனங்கிழங்கைப் பிளந்தாற்போல் ஒரு சுவர் நின்றது.
கீழே பச்சைத் தண்ணீர். ஆழம் கேட்டேன்.
‘கயிறு பத்தலைம்மா’ என்றார்.
வெடிச்சத்தத்தில் பிறந்த பிள்ளைகள்
இப்போது பத்தாம் வகுப்பு படிக்கிறார்களாம்;
இடி இடித்தால் தலை நிமிர்த்துவதில்லையாம்.

கருவி விண்கோள்களைக் கேட்டுச் சொன்னது:
புள்ளி இங்கேதான்,
தண்ணீருக்கு மேலே, எழுபது மீட்டர் உயரத்தில்.
அங்கே ஒரு பருந்து வட்டம் போட்டுக்கொண்டிருந்தது,
சுற்றுக்கு மூன்று ஊர்.

மூடிக் கிடந்த கம்பெனிக் கொட்டகையில்
யாரோ ஆடு கட்டியிருந்தார்கள்.
புழுக்கைக்கு அடியில் ஒரு பேரேடு.
பிளாக் எண், நீளம், அகலம், கனம்,
தூத்துக்குடி, பிறகு கப்பல், பிறகு ஊர்.
‘உச்சிப் பாறை, குறியோடு அறுத்தது’ என்று
ஓரத்தில் பென்சில் எழுத்து. பெயர் போடவில்லை.
போன இடம் செக் நாடு. ஊர் ட்ர்ச்.
வாய்விட்டுப் படித்தேன். மெய் மெய்யாக வருகிறது,
ஓர் உயிர்கூட இல்லை.
பிரான்மலையும் சொல்லிப் பார்த்தார்.
ஆடு திரும்பிப் பார்த்தது.

ராத்திரி செல்போனில் தேடினேன்.
இருநூற்றுச் சொச்சம் பேர். ஒரு குளம், ஒரு ஓடை.
ஒருதரம் ஊரே எரிந்திருக்கிறது, ஒருதரம் கொள்ளைநோய்,
ஒருதரம் அரசாங்கம் மாறி
ஊர்ப்பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது.
அங்கேயும் ஒரு குமாஸ்தா.
ஒரு படம்: பனிக்குள் கல்லறைத் தோட்டம்.
எல்லாம் கறுப்பு, ஒன்று மட்டும்
சாம்பலில் ரோஜா வரி ஓடிய கல்.
காலடியில் மெழுகுவர்த்தி எரிகிறது.
எங்களுடையதாக இருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம். பெரிதாக்கினால்
படம் கட்டம் கட்டமாக உடைகிறது.

மறுநாள் குறிப்புப் பத்தியில்
வழக்கமான இரண்டு சொல் எழுதினேன்: கல் காணவில்லை.
தாசில்தார் அதற்குமேல் கேட்கமாட்டார்.
புதுக்கல் நடக் குழியின் கரையில் இடம் பார்த்தோம்,
புள்ளிக்கு முப்பத்தெட்டு மீட்டர் தள்ளி.
மூன்றாம் குத்தில் கடப்பாரை மழுங்கியது.
‘இன்னும் இருக்கும்மா உள்ள’ என்றார் பிரான்மலை.
பாறையைத்தான் சொன்னார்.